ஆடியில் எடுத்த கோடி

பரிமளா லீலாவின் தலையில் பூவைச் செருகிக்கொண்டிருந்தபோது வாசலில் பறை ஓங்கி ஒலித்தது. பிறந்த வீட்டார் கோடி எடுத்து வந்துவிட்டார்கள்.

"அண்ணி, உங்க அண்ணன் வந்துகினு இருக்காரு. இன்னிக்காவது மூஞ்சத் திருப்பிக்காதீங்க" என்றாள் பரிமளா. செத்துப்போன சந்திரமோகனின் தங்கை அவள். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

புருஷனை இழந்தவளுக்குப் புதுப்புடவை போர்த்தக் கூடப்பிறந்தவனை விட்டால் வேறு யார்? ஆனால் அந்தக் கையால் வாங்குவதைவிட வெறும் தோளோடு இருந்துவிடலாம் என்று நேற்றிலிருந்து லீலாவின் மனம் கறுவிக்கொண்டிருந்தது.

ஆறு வருஷப் பகை. சந்திரமோகனுக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய், நுரையீரல்வரை பரவிவிட்டது, மூன்று மாதம் தாங்கினால் அதிகம் என்று வேலூரில் சொன்னார்கள். "ஊசியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்று அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். அண்ணன் அருணகிரி பட்டுக்கடையில் வேலை பார்ப்பவன், முன்யோசனைக்காரன். ஆடித் தள்ளுபடி நடக்கும்போதே தங்கைக்கான கோடியை எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டான். அவன் பெண்டாட்டி வாய் சும்மா இருக்குமா? சேதி லீலாவின் காதுக்கு வந்து சேர்ந்தது.

ஆடி போயிற்று, தையும் போயிற்று, சந்திரமோகன் போகவில்லை. மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கட்டிகள் தாமாகவே கரைந்திருந்தன. "லட்சத்துல ஒருத்தருக்கு இப்படி நடக்கும். ஏன்னு எங்களுக்கும் தெரியாது" என்றார் டாக்டர். அந்த நோய் திரும்ப வரவே இல்லை. நேற்றுக் காலை செய்யாறு பஸ்ஸுக்கு நின்றவரைக் கொண்டுபோனது மாரடைப்பு.

அருணகிரி உள்ளே வந்தான். கையில் தட்டு, தட்டில் புடவை. தங்கையின் முகத்தைப் பார்க்காமல், அவள் கட்டியிருந்த பச்சைப் பட்டையே பார்த்தபடி நின்றான்.

"இன்னா பாக்கற? அவரு எடுத்துக் குட்த்தது. பொழச்சி வந்த வருஷம், தீபாவளிக்கு" என்றாள் லீலா. "நீ ஆடியில எடுத்தியே, அதத்தான் கொண்டாந்தியா?"

"இல்லம்மா. இது காலைல எடுத்தது." அவன் தட்டைக் கீழே வைத்தான். "அது எங்கிட்ட இல்ல. நல்லாயிடுச்சின்னு டாக்டரு சொன்ன மறுநாளே மாப்ள வூட்டுக்கு வந்தாரு. 'நீ போத்த வேணாம், நானே கட்ட வெச்சிக்கறேன்'னு சிரிச்சிகினே வாங்கினு பூட்டாரு. நீ கட்டினு இருக்கியே, அதான்."

லீலா முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். ஐந்து தீபாவளி, பரிமளா மகள் கல்யாணம், எல்லாவற்றுக்கும் இதைத்தான் கட்டினாள். கட்டும்போதெல்லாம் அவர் கதவோரம் நின்று ஒரு கள்ளச்சிரிப்புச் சிரிப்பார். தன் அழகைப் பார்த்துத்தான் என்று நினைத்திருந்தாள். அவளுக்கும் இப்போது சிரிப்பு வந்தது. வாய்க்கு வருவதற்குள் அழுகையாகிவிட்டது.

"போத்துண்ணா" என்று தோளைக் காட்டினாள்.

அவரை எடுத்துப் போன பிறகு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தவளிடம் பரிமளா கை நீட்டினாள். அன்று கட்டியிருந்ததைக் கழித்துவிடுவது வழக்கம்.

"அந்தப் பச்சையக் குடுங்கண்ணி, தூக்கிப் போட்டுட்றேன்."

"அது கோடி" என்றாள் லீலா. "கோடிய யாராச்சும் தூக்கிப் போடுவாங்களா?"

ஈரம் காய்ந்ததும் புடவையைப் பழைய மடிப்பிலேயே மடித்து, அவருடைய சட்டைகளுக்கு அடியில் வைத்தாள்.