ஒற்றைக்கால் நாரை

வீட்டுக்காரம்மா வந்தது மேல்கூரை ஒழுகலைப் பார்க்க. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தவள் அண்ணாந்தே பார்க்கவில்லை. கூடத்துச் சுவருக்குள் பதிந்து நின்ற அலமாரியின் முன்னால் போய் அப்படியே நின்றுவிட்டாள். கறுப்பு அரக்குப் பலகையில் முத்துச்சிப்பியை இழைத்துச் செய்த பைன் மரம், அதன் கீழே இரண்டு மான்கள், ஆறு நாரைகள்.

"போரா அம்மா, இது நம்ம வீடுதானா? எனக்கே அடையாளம் தெரியலையே!"

மிரான் பூரித்துப்போனாள். போரா பிறந்து பதினொரு வருடத்தில் அவளை இப்படி யாரும் புகழ்ந்ததில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் தினமும் எண்ணூறு பிள்ளைகளுக்குச் சூப் கிண்டுகிறவளுக்குக் குறைதான் வரும், பாராட்டு வராது. வாற்கோதுமைத் தேநீர் வைத்தாள், சீமைப் பனிச்சைப் பழத்தைத் தோல் சீவி அடுக்கினாள், கேட்டது கேட்காதது எல்லாவற்றையும் ஒப்பித்தாள். ஜன்னலில் மாட்டியிருந்த மரச்சட்டக் கதவுகள் இடித்த வீட்டிலிருந்து எடுத்தவை, அதில் காகிதம் ஒட்டியது தன் கையால் காய்ச்சிய மாவுப்பசையில், சமையலறைக் கதவுகளைத் தேய்த்து எண்ணெய் பூச மூன்று சனிக்கிழமை ஆனது என்று.

"தங்கக் கை உனக்கு," என்றாள் வீட்டுக்காரம்மா. "இரு, என் பொண்ணுக்குக் காட்டறேன்." கைப்பேசியை எடுத்தாள். வெளிச்சம் போதவில்லை. மிரான் ஓடிப்போய் விளக்கைப் போட்டாள். புத்தி கெட்டுப்போய் விளக்கைப் போட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன் இஞ்சோன் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சிவப்புச் செங்கல் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு வந்தபோது சுவரெல்லாம் பூஞ்சை. தரை விரிப்பு மஞ்சளாகப் பழுத்துச் சுருண்டிருந்தது. போரா தும்மிக்கொண்டே இருந்தாள். புதிதாக ஒன்றும் வாங்க வழியில்லை. பக்கத்தில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். அங்கே இருந்தவர்கள் காலி செய்தபோது தங்கள் பழையதையெல்லாம் தெருவில் வைத்துவிட்டுப் போனார்கள். குப்பைக்கு என்று வார்டு அலுவலகச் சீட்டு ஒட்டிய அந்த அலமாரியையும் அப்படித்தான் மிரான் கண்டெடுத்தாள். யாரோ ஒருத்தி நாற்பது வருடத்துக்கு முன் கல்யாணச் சீராகக் கொண்டுவந்தது. கதவின் உள்பக்கம் ஒரு பிள்ளை வளர்ந்த உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். மிரான் அதையெல்லாம் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சுத்தம் செய்தாள்.

புருஷன் தேஷிக் பார்சல் வண்டி ஓட்டுகிறவன், இடுப்பு எப்போதோ போய்விட்டது. "ஊரான் வீட்டுப் பேயெல்லாம் நம்ம வீட்லதான் குடியேறணுமா?" என்று வாசலிலேயே அலமாரி மேல் ஒரு பிடி உப்பை எறிந்துவிட்டுத்தான் தூக்கினான். முனகிக்கொண்டே மூன்று மாடி ஏற்றினான்.

அலமாரி வந்த முதல் வாரமே மிரான் ஒரு தப்புச் செய்தாள். அழுக்குப் போகட்டும் என்று வெந்நீரில் துணியை நனைத்து அழுத்தித் துடைத்தாள். மறுநாள் காலையில் ஒரு நாரையின் கால் தரையில் கிடந்தது. அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டாள், பழைய காலத்தில் இதையெல்லாம் மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த பசையால்தான் ஒட்டுவார்களாம், வெந்நீர்தான் அதற்கு எமன் என்று. அதன்பிறகு உலர்ந்த துணி, ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். உடைந்த கால் திரும்ப ஒட்டவில்லை. பொத்தான் டப்பாவில் போட்டு வைத்தாள்.

"விடு, நாரை ஒத்தக்கால்லதானே நிக்கும்? யாருக்குத் தெரியப்போகுது," என்றான் தேஷிக். வெகுநாள் கழித்து இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

கூடத்துச் சுவரில், வீட்டைச் சூடாக்கும் பழைய கொதிகலன் இருந்த பள்ளம் ஒன்று கோணல்மாணலாக இருந்தது. அலமாரியின் முதுகையும் அடியையும் ரம்பத்தால் அறுத்து, அந்தக் கோணலுக்கு ஏற்ப இழைத்து, உள்ளே தள்ளி ஆணி அடித்தாள். இனி வேறெந்தச் சுவரிலும் அது நிற்காது.

"அடுத்தவன் வீட்டுக்கு ஏன்டி இப்படி உயிரை விடறே?"

"நாம இருக்கிற வரைக்கும் நம்ம வீடு. ஒப்பந்தம் முடிஞ்சாலும் இன்னும் ரெண்டு வருஷம் யாரும் நம்மள அசைக்க முடியாது, சட்டமே இருக்கு."

சட்டம் இருந்தது. வீட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகளே குடிவந்தால் செல்லாது என்ற வரியும் அதிலேயே இருந்தது. படம் எடுத்துக்கொண்டு போன ஆறாவது வாரம் வீட்டுக்காரம்மா ஒரு பெட்டி பேரிக்காயோடு வந்து உட்கார்ந்தாள். மகள் யுன்சேவுக்கு இலையுதிர்காலத்தில் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் இங்கேதான் இருக்க ஆசைப்படுகிறார்கள்.

"நீ எதையும் கழட்ட வேண்டாம், போரா அம்மா. பழையபடி ஆக்கித் தரணும்னு ஒப்பந்தத்துல இருக்கு. அதை நான் கேக்க மாட்டேன். உனக்கும் வேலை மிச்சம் பாரு."

உபகாரம் செய்கிற முகத்தோடு சொன்னாள். மிரானுக்கு அந்தப் பேரிக்காயை அவள் மூஞ்சியிலேயே எறியத் தோன்றியது. "சரிங்கம்மா" என்றாள்.

'நான் அப்பவே சொன்னேன்' என்று தேஷிக் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருக்கும். அவன் சொல்லவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய், இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, அடுத்துக் குடிபோகப் பார்த்திருந்த அரை நிலவறை வீட்டின் கூரையை அளந்து வந்தான். தெருவில் போகிறவர்களின் கால் மட்டும் தெரிகிற ஜன்னல். ஈரச் சுவர். அலமாரி ஒரு சாண் உயரம் கூடுதல்.

கடைசி ஞாயிறு மிரான் சுத்தியலை எடுத்தாள். ஒப்பந்தப்படியே எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்து, அந்தப் பூஞ்சைச் சுவரை வீட்டுக்காரம்மாவுக்கே காட்டிவிட்டுப் போவது என்று தீர்மானம். முதல் ஆணியைப் பிடுங்கினாள். இரண்டாவது ஆணிக்குப் பக்கப் பலகை விரிசல் விடப் பார்த்தது. கை நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் முடியவில்லை. பிடுங்கின ஆணியை அதே துளையில் திரும்ப அடித்துவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

வீடு மாறுகிற அன்று யுன்சே வந்தாள். மெலிந்த பெண், வாய் நிறையச் சிரிப்பு. சாமான் தூக்குகிறவர்களுக்குக் காபி போட்டுக் கொடுக்கப் புது கெட்டில் ஒன்று கொண்டு வந்திருந்தாள். மிரானுக்கும் ஒரு கோப்பை கொடுத்தாள்.

"அக்கா, அம்மா அந்தப் போட்டோவக் காட்டினப்போ நான் அழுதுட்டேன். இப்படி ஒரு வீடு எனக்குக் கிடைக்கும்னு கனவுலகூட நினைக்கல."

அவளை வெறுக்கத் தோதாக ஒரு பேச்சும் அவள் பேசவில்லை. அது இன்னும் எரிந்தது.

"இந்த நாரைக்கு மட்டும் ஏன் அக்கா ஒரு கால்?"

"நாரை ஒத்தக்கால்லதான் நிக்கும்."

யுன்சே கலகலவென்று சிரித்தாள். உள்ளங்கையால் அரக்குப் பலகையைத் தடவினாள். தூசி கையோடு வந்தது. "இதை எப்படி அக்கா துடைக்கணும்? எனக்கு ஒண்ணுமே தெரியாது. கெடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு."

தேஷிக் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

"வெந்நீர்ல," என்றாள் மிரான். "நல்லாக் கொதிச்ச தண்ணில துணியை முக்கி, அழுத்தித் துடைக்கணும். வாரா வாரம்."

"வெந்நீர், வாரா வாரம்," என்று யுன்சே கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றிக்கா. இன்னைக்கே பண்ணிடறேன்."

தேஷிக் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தான். பிறகு குனிந்து மற்றொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

வழக்கப்படி புது வீட்டுக்குள் முதலில் நுழைய வேண்டியது சோறாக்கும் குக்கர். அதை வண்டியில் ஏற்றாமல் மிரான் மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். அதற்குள்தான் பொத்தான் டப்பாவும் இருந்தது, அடி வைக்கும்போதெல்லாம் கிலுகிலுத்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் நின்றாள். மேலே கதவு திறந்தே கிடந்தது. குழாயைத் திறந்து கெட்டிலில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"மிரான்! வண்டி நிக்குது, வா!" கீழேயிருந்து தேஷிக் கூப்பிட்டான்.

அவள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கெட்டில் நிறைய நிறையத் தண்ணீரின் சத்தம் மெலிந்துகொண்டே வந்து நின்றது. பிறகு அடுப்பு பற்றுகிற டிக், டிக், டிக்.