ஓநாய்க்கு வந்த நடுக்கம்

ட்ரெய்லரில் ஆடு இல்லை. அதைவிட மோசம், ஓநாயும் இல்லை!

துஷாந்தினி டீச்சர் ட்ரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். யட்டவத்தை வீதிச் சிற்றாலயத்தில் கிறிஸ்து அரசர் திருவிழா. வரப்போகும் இறையாட்சியில் ஓநாயும் ஆடும் ஒன்றாய்ப் படுத்திருக்கும் என்று இறைவாக்கினர் எசாயா சொன்ன காட்சியை, ஊர்வலத்தில் உயிரோடு காட்டுவதென்பது அவளுடைய யோசனை.

ஓநாய், ட்ரெய்லரை இழுக்கும் லேண்ட்மாஸ்டர் உழவு வண்டியை ஓட்டும் கிஷாந்தின் நாய் ரொக்கி. உடம்பெல்லாம் சாம்பல் நிறக் கம்பளி. ஆடு, மாத்தளைச் சந்தை லாபிர் நானாவுடையது. நாளை மறுநாள், பேத்தி பிறந்ததற்குக் கொடுக்கும் அகீகா பலிக்கு அறுக்க வைத்திருந்தது. ஆட்டைக் கொடுக்கும்போதே அவர் எச்சரித்திருந்தார்.

"காது கிழியக் கூடாது, கால் நொண்டக் கூடாது டீச்சர். குறை வந்தா அகீகாவுக்கு ஆகாது."

"என் பொறுப்பு நானா!"

இரண்டையும் எட்ட எட்டக் கட்டியிருந்தாள். ஆனால் வருஷா வருஷம் ஊர்வலம் கிளம்பும்போது பட்டாசுக் கட்டுக் கொளுத்துவார்களே, அதை மறந்துவிட்டாள். முதல் வெடியிலேயே இரண்டு கயிறும் அறுந்தன.

"ரொக்கி கடிக்குமா கிஷாந்த்?"

"சும்மா இருக்கிறவனக் கடிக்க மாட்டான். போன மாசம் ஒரு சேவல் மட்டும்தான்..."

"ஐயோ!"

வாசலில் முச்சக்கரவண்டி வந்து நின்றது. லாபிர் இறங்கினார்.

"எங்க டீச்சர் நம்மட ஆள்?"

அவள் வாய் திறக்குமுன் ஆலயத்துக்குள்ளிருந்து ஒரு முனகல். மூவரும் ஓடினார்கள். சாமியார் உட்கார்ந்து பாவ அறிக்கை கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டின் திரை ஆடிக்கொண்டிருந்தது. சாமியார் வெளியே ஊர்வலத்தில் நிற்கிறார். அப்படியானால் உள்ளே யார்?

கிஷாந்த் திரையை விலக்கினான்.

ஆட்டின் வயிற்றுக்கடியில் தலையைப் புதைத்துக்கொண்டு ரொக்கி வெடவெடவென்று நடுங்கியது. ஆடு நிதானமாக ஓநாயின் கம்பளி வாலை மென்றுகொண்டிருந்தது.

லாபிர் குனிந்து காது, கால், பல் எல்லாம் தடவிப் பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். ஒரு கீறல் இல்ல. நீங்க காட்ட நெனச்சது இதானே டீச்சர்?"

"இதேதான் நானா. நான்தான் கயித்தக் கட்டிக் காட்டப் பார்த்தேன்."

"சாமியார் கூப்பிடுறாரு, ஏத்துங்க!" என்று கிஷாந்த் கத்தினான்.

இந்தமுறை கயிறில்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டே வைக்கோலில் படுத்தன. வண்டி உறுமியது. சட்டென்று லாபிர் சாரத்தை மடித்துக் கட்டி, ட்ரெய்லரில் தாவி ஏறி, ஆட்டின் கழுத்தைச் சுற்றிக் கைபோட்டு உட்கார்ந்தார்.

"நானா, காட்சியில மனுஷன் இல்லையே!"

"ஒங்கட ஆண்டவன்ட ஆட்சி வரட்டும் டீச்சர், சந்தோஷம்தான். அது வந்து சேரும்வரைக்கும் ஆட்ட நான் புடிச்சுக்கிறேன்."