தெர்மகோல் கலங்கரை விளக்கமும் அரை டப்பா வெள்ளிப் பூச்சும்

1

இந்தக் கதை ஒரு ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாவிலிருந்து பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த பதினைந்து நிமிட இடைவெளியில், எழுத்தாளன் பால்கனியில் உட்கார்ந்து, மூத்த மகள் மூன்று நாளாகச் செய்த தெர்மகோல் கலங்கரை விளக்கத்துக்கு வெள்ளி வண்ணம் அடித்தான். வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளக்கட்டும் என்பது எண்ணம். முதலில் யாரோ பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம் வந்தது. சுவரெல்லாம் பொத்தல் விழுந்தது. மேல்மாடம் மெல்லத் தலை குனிந்து, தன் வயிற்றுக்குள்ளேயே இறங்கிவிட்டது.

தெர்மகோலின் மேல் அடித்தால் கரைந்துவிடும் என்று டப்பாவின் முதுகில் இரண்டு வரி எழுதியிருந்தார்கள். எழுத்தை வைத்துப் பிழைப்பவன் அதைப் படிக்கவில்லை.

(எழுத்தாளன் என்பது நான்தான். 'நான் கரைத்தேன்' என்று எழுதக் கை வராததால் படர்க்கைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறேன். கண்டுகொள்ளாதீர்கள்.)

2

தொடக்கத்துக்கு வேறு வரிகளும் முயன்றேன்.

'கடலே இல்லாத ஊரில் ஒரு கலங்கரை விளக்கம் எழுந்தது.' [அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகம்.]

'குப்பை என்று உலகில் எதுவும் இல்லை, ஏனென்றால்' [ஏனென்றால் என்னவென்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.]

நேராகவே சொல்கிறேன். வருஷக் கடைசி விடுமுறை வந்தால் அந்த வீட்டில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி திறக்கும். கழுவிக் காயவைத்த தயிர் டப்பாக்கள், பாட்டில் மூடிகள், முட்டை அட்டைகள், தீர்ந்துபோன ஸ்கெட்ச் பேனாக்கள் என்று வருஷம் முழுக்கச் சேர்த்தது எல்லாம் அதில் இருக்கும். இந்த வருஷம் புது ஃபிரிட்ஜோடு வந்த தெர்மகோலும் சேர்ந்துகொண்டது. திட்டம் போடுவது மூத்தவள், ஒன்பது வயது, ஒல்லியாக இருந்துகொண்டு நறுக்கென்று குத்துவதால் வீட்டில் பெயர் குண்டூசி. ஒட்டுவது ஐந்து வயதுப் பொட்டு. பாதிப் பசை வேலையில் இருக்கும், பாதி அவள் முடியில் இருக்கும். கத்தி பிடித்து வெட்டுவது எழுத்தாளன். வீட்டில் அவனை நம்பிக் கொடுத்திருக்கும் ஒரே பொறுப்பு அது.*

* சமையலறை ஏற்கனவே கைவிட்டுப் போய்விட்டது. அது தனிக் கதை.

3

கரைந்ததைப் பார்த்துக் குண்டூசி கத்துவாள், அழுவாள், காலில் விழுந்து சமாதானம் செய்துவிடலாம் என்று எழுத்தாளன் தயாராக நின்றான். அவள் பார்த்தாள். அட்டைப்பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய்த் தன் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அவ்வளவுதான். மறுநாள் முட்டை அட்டையைப் பொட்டு தன் மொட்டைக் கத்தரிக்கோலால் கடித்துத் துப்பியதுபோல் வெட்டிக்கொண்டிருந்தாள். எழுத்தாளனின் உத்தியோகம் போயிருந்தது.

"கோபமாம்மா?"

"இல்லப்பா."

"அடுத்த தடவை அப்பாவைச் சேர்த்துக்குவியா?"

"பாக்கலாம்."

நாய்க்குட்டி கேட்டபோதும் சைக்கிள் கேட்டபோதும் அவன் சொல்லிவந்த அதே 'பாக்கலாம்'. அதற்கு என்ன அர்த்தம் என்று அவனைவிட நன்றாக அறிந்தவர் யார்?

பொட்டுவைத் தனியாகப் பிடித்தான்.

"அக்கா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"சொல்லக் கூடாதுன்னு சொன்னா."

"எதை?"

"அதைத்தான்."

கடைசியில் மனைவியிடம் போனான். அவள் பல் டாக்டர். "எம்மேல ரொம்பக் கோபமா இருக்காளா?"

"கொஞ்சம் அழுத்தற மாதிரி இருக்கும். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

பல்லைப் பிடுங்கும்போதும் அவள் இதையேதான் சொல்வாள்.

4

வீட்டில் பதில் கிடைக்காதவன் கதையில் தேடினான். முடிவுகள் வருமாறு:

முடிவு அ: கலங்கரை விளக்கத்தைத் தள்ளிவிட்டது ஒரு பூனை. எழுத்தாளன் துரத்திப் பிடிக்க

[பிடித்து என்ன செய்வான்?]

முடிவு ஆ: இடிந்த கோபுரத்துக்குள் சின்ன பல்பு ஒன்றை வைக்கிறார்கள். பொத்தல் வழியாக ஒளி சிதறி, அறைச் சுவரெல்லாம் நட்சத்திரம். "அப்பா, கரைஞ்சதே நல்லதாப் போச்சு," என்று மகள் கட்டிக்கொள்கிறாள்.

இதை எழுதிவிட்டு எழுத்தாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். (உண்மை. துடைத்துக்கொண்டேன்.) இதுவரை எழுதிய காகிதங்களை மேசைமேல் அப்படியே வைத்துவிட்டுக் காபி போடப் போனான். அது தப்பு.

5

திரும்பி வந்தபோது அவன் நாற்காலியில் குண்டூசி உட்கார்ந்திருந்தாள். கையில் பென்சில்.

"யாருப்பா இந்த எழுத்தாளன்?"

"அது… ஒரு ஆளு."

"அவரு பொண்டாட்டியும் பல் டாக்டராமே."

"இருக்கலாம். நிறைய பேரு பல் டாக்டர்."

"நம்ம வீட்ல பூனை ஏது?" முடிவு அ-வின் குறுக்கே கோடு விழுந்தது. "பல்பு வைக்க அது நின்னாத்தானே? கரைஞ்சதை அள்ளிக் குப்பையில போட்டது நீதானே?" ஆ-வும் போயிற்று. "கட்டிக்கவும் இல்ல."

"கதைன்னா எப்படியாவது முடியணும்ல?"

"ஏன்?"

முப்பது வருஷமாக எழுதுகிறான். இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. (என்னிடமும்தான். உங்களிடம் பதில் இருந்தால் இந்த இடத்தில் ஓரமாக எழுதிக்கொள்ளுங்கள்.)

எழுத்தாளன் காபியைக் கீழே வைத்தான். படர்க்கையும் அத்தோடு போதும் என்று தோன்றியது. தரையில், அவள் காலடியில் உட்கார்ந்தேன்.

"பாக்கலாம்னு சொல்லாம, நேரா சொல்லும்மா. என்னைச் சேர்த்துக்குவியா, மாட்டியா?"

அவள் பென்சிலை மேசைமேல் வைத்தாள்.

"கரைஞ்சதுக்குக் கோபம் இல்லப்பா. கரையாம பளபளன்னு நின்னிருந்தா இன்னும் கோபம் வந்திருக்கும். நான் சிவப்பு ரிப்பன்ல கோடு சுத்தணும்னு வச்சிருந்தேன். போன வருஷம் கப்பல்லயும் கொடியை நீயே ஒட்டிட்டே. நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சு வச்சுடறே." மூச்சு வாங்கிக்கொண்டாள். "சேர்த்துக்கறேன். பொட்டுவுக்கு வெட்டவே வரல. வெட்டறது நீ. ஆனா முடிக்கிறது நான்."