பிரித்த நூலில் பெய்த மழை

சித்திரை வெயிலில் பிள்ளையார்பாளையத்துத் தெருநாய்கள் சாக்கடையில் படுத்துக் கிடந்த நாட்களிலும் சங்கரி வீட்டுப் பரணிலிருந்து மழை சொட்டியது. ஓடு ஒழுகவில்லை. பரணில் ஒரு துணி மூட்டை, மூட்டைக்குள் பட்டுநூல் சுற்றிய தார்க்குச்சிகள், அவற்றில் ஒன்றுக்குள் அயர்லாந்து நாட்டின் மேற்குக் கரையில் அந்நேரம் பெய்துகொண்டிருந்த மழை. சங்கரி கீழே ஒரு குண்டான் வைத்துப் பிடித்தாள். பாத்திரம் தேய்க்கவும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றவும் அந்தத் தண்ணீர் உதவியது. குடிக்க மட்டும் யாரும் குடிக்கவில்லை; வெளித் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று சங்கரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

இதற்கெல்லாம் தொடக்கம் தினகரன். வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், பிறகு வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்ய வரும் குழுக்களை அழைத்துவந்து ஊரைக் காட்டுவதைத் தொழிலாக்கிக்கொண்டான். ஒவ்வொரு குழுவும் இரண்டு வாரம் தங்கும். காலையில் தெருக்கோடிப் பள்ளியில் ஆங்கிலப் பாட்டு, சுவருக்கு வண்ணம், பிற்பகல் சங்கரி வீட்டில் தறி, மாலையில் கோவில். வந்தவர்கள் நல்லவர்கள். கேலி பேசுவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும். ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் போவது என்ற தவிப்போடு வந்தார்கள். அவர்களிடம் என்ன கேட்பது என்றுதான் ஊருக்குத் தெரியவில்லை. உனக்கு என்ன வேலை தெரியும் என்று விருந்தாளியிடம் கேட்பது மரியாதையா? ஆகவே யாருக்கும் கெடுதல் வராத வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். பள்ளியின் அதே கிழக்குச் சுவருக்கு ஒவ்வொரு பருவமும் வண்ணம் அடிக்கப்பட்டது. குழு வருவதற்கு முந்தின வாரம், சேறு தோய்ந்த பந்தை அந்தச் சுவரில் அடித்து விளையாடப் பிள்ளைகளுக்கு அனுமதி உண்டு. வந்தவர்களுக்கு வேலை இல்லாமல் போய்விடக் கூடாதல்லவா.

சங்கரி வீட்டிலும் அதே மரியாதைதான் நடந்தது. அவளும் கணவன் குமாரவேலுவும் ஆளுக்கொரு தறியில் நெய்தார்கள். வந்தவர்களைத் தறிக்குழியில் கால் இறக்கி உட்காரவைத்து, மிதியை மிதிக்கச் சொல்லி, நூல் ஓட்டும் நாடாவைக் கையில் கொடுத்து, இரண்டு வாரத்தில் ஆளுக்கு ஒரு விரற்கடை நெய்ய விடுவாள். நாடா ஓடும்போது அவர்கள் முகத்தில் வரும் சந்தோஷம் பொய்யில்லை. அதைப் பார்க்க அவளுக்கும் பிடிக்கும். ஆனால் ஓரிடத்தில் தளர்வு, ஓரிடத்தில் இறுக்கம், கரையோரம் இழை விட்டுப்போயிருக்கும். அப்படியே விட்டால் புடவை தேறாது. வேன் தெருமுனை திரும்பியதும் ஊசியை எடுத்து அத்தனையையும் பிரித்துவிடுவாள். தெருவில் வேறு யாராக இருந்தாலும் பிரித்த நூலைக் கழிவோடு போட்டிருப்பார்கள். அவளுக்கு மனம் வரவில்லை. ஆசையாக நெய்த கையைக் குப்பையில் போடுவதுபோல இருந்தது. அவரவர் நூலை அவரவர் பெயரில் ஒரு தாராகச் சுற்றி, பரணில் வைத்தாள்.

எந்த வருடம் என்று சரியாகச் சொல்வதற்கில்லை, மூட்டையின் ஒரு பக்கம் சில்லிட ஆரம்பித்தது. நார்வேக்காரப் பெண்ணின் நூல் தையில் கல்லாக உறைந்து ஆடியில் இளகியது. மெல்போர்ன் தம்பதியின் நூல் இங்கே மார்கழிப் பனி கொட்டும்போது அடுப்பாகக் காய்ந்தது. வீட்டார் கொஞ்ச நாள் ஆச்சரியப்பட்டார்கள், பிறகு பழகிவிட்டது. தயிர் புளிக்காமல் இருக்க நார்வேப் பக்கம் வைத்தார்கள், வடகத்தை மெல்போர்ன் பக்கம் காயவைத்தார்கள். ஜரிகை வியாபாரி லியாகத் அலி ரம்ஜான் மாதத்து உச்சிவேளைகளில் பரணுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "சங்கரிம்மா, நம்ம கடை ஏசியைவிட இது நல்லா இருக்குதும்மா" என்று கண்மூடிக்கொள்வார்.

மழை சொட்டிய தார் ரூத்துடையது. அவள் அயர்லாந்தில் தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளாமல் தங்கையோடு இருந்தாள். நெய்யும்போது இழையை நெருக்க ஒரு தட்டு தட்ட வேண்டிய இடத்தில் இரண்டு தட்டு தட்டுவாள், எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டாள். கிளம்பும் நாளில், இதை யார் உடுத்துவார்கள் என்று கேட்டாள். சங்கரி வாய்க்கு வந்த மரியாதையாக, ஒரு கல்யாணப் பெண் உடுத்துவாள் என்று சொல்லிவைத்தாள். ரூத் அழுதுவிட்டாள். வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் கல்யாணப் பத்திரிகைகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள். ஒரு கல்யாணத்துக்குள் தன் கை நுழைவது அதுவே முதல் தடவை என்றாள். அவள் போன பிற்பகலில் சங்கரி வழக்கம்போல் ஊசியை எடுத்தாள். அன்றுதான் பிரிக்கும்போது அவளுக்குக் கை கூசியது.

அதன்பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் மகள் கீர்த்தியின் செல்போனுக்கு வாழ்த்து வந்தது, கூடவே ஒரு கேள்வி: அந்தப் பெண் உடுத்திவிட்டாளா? இன்னும் இல்லை என்று பதில் போய்க்கொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை பார்த்த கீர்த்திக்கு வரன் அமைந்து, பங்குனியில் கல்யாணம் என்று முடிவான அந்தச் சித்திரையில் வேறு செய்தி வந்தது. அடுத்த பங்குனியில் குழுவோடு வருகிறேன், உடுத்தப்போகிறவளைப் பார்க்க வேண்டும், புடவையை ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும் என்று ரூத் எழுதியிருந்தாள்.

"இதுக்கு ஏன்க்கா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு இருக்கற? எதுனா ஒரு புடவையக் காட்டு. அவங்களுக்கு இன்னா தெரியப் போவுது?" என்றான் தினகரன்.

"தொட்டுப் பார்ப்பாங்கப்பா. அவங்க ஊரு மழை இல்லாம காய்ஞ்சு இருந்தா தெரியாதா?" என்றாள் சங்கரி.

பொய் வெளிப்பட்டுவிடுமே என்ற பயத்தைவிட, அந்த அம்மாளின் முகம் விழுந்துவிடுமே என்பதுதான் சங்கரியைத் தின்றது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மூட்டையை இறக்கினாள். எல்லாருடைய நூலையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முந்தானைக்கு வரும். அதை மகளின் முகூர்த்தப் புடவைக்கே போடுவது என்று தீர்மானித்தாள்.

குமாரவேலு எகிறிக் குதித்தான். பிரித்த நூலை முகூர்த்தப் புடவைக்குப் போடும் வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. ஒருமுறை பிரிந்தது மறுபடி பிரியும் என்று ஒரு நம்பிக்கை. "ஊருக்கெல்லாம் நல்ல நூல்ல நெய்ஞ்சு குடுத்துட்டு, நம்ம பொண்ணுக்குப் பிரிச்ச நூலா?" என்று கத்தினான். அவனுக்குப் பதில் சொன்னது கீர்த்தி. "நைனா, பங்குனி வெயில்ல, ஓமப் பொகையில உக்கார்ந்துக்கினு இருக்கப் போறது நானு. ஏசி வச்ச புடவை யாருக்குக் கிடைக்கும்? நான் அதைத்தான் கட்டுவேன்" என்றாள். அவன் நான்கு நாள் மனைவியிடம் முகம் கொடுக்கவில்லை.

உடல் முழுவதும் புது நூலில் அரக்கு நிறம். அதைக் குமாரவேலு நெய்தான். முந்தானை சங்கரியுடையது, அதை நினைத்த நேரத்தில் நெய்ய முடியவில்லை. உறைந்த ஊடைநூல் குறுக்கே ஓடும்போது முறிந்தது, நனைந்த ஊடை சுருங்கியது. அந்தந்த ஊரில் நல்ல வானம் இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் நாடாவில் தாரைப் போட முடிந்தது. வடக்கு நாடுகளை ஆடி ஆவணியிலேயே முடித்தாள். முகம் கொடுக்காமலிருந்த குமாரவேலுவே காலையில் எழுந்ததும் தார்களைத் தொட்டுப் பார்த்து, "நார்வேல இன்னிக்கி மூடிக்கினு இருக்குது, மெல்போர்ன் போடு" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டான். இப்படியே மாசி வந்தது. மீதி இருந்தது ரூத்தின் தார் ஒன்றுதான். அது ஒரு நாளும் காயவில்லை. அந்த ஊரில் மழை விடுவதாகவே இல்லை.

கல்யாணத்துக்கு இருபது நாள்கூட இல்லாத ஒரு மத்தியானம் சங்கரி தறியில் உட்கார்ந்து ஈர நூலை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். குமாரவேலு எழுந்து அடுப்படிக்குப் போனான். மழைக்காலத்தில் பாவு நூலை உலர வைக்கும் தணல்சட்டியைக் கொண்டுவந்து, தறிக்குக் கீழே வைத்துவிட்டு, விசிறிக்கொண்டே உட்கார்ந்தான். நூல் மெல்ல உலர்ந்தது. சங்கரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நெய்தாள். மற்றவர்களின் நூலைத் தன் கைப்பழக்கத்தில் நெய்தவள், இந்த விரற்கடைக்கு மட்டும் ஒவ்வோர் ஊடைக்கும் இரண்டு தட்டு தட்டினாள். மறுநாள் ரூத்திடமிருந்து ஒரு படம் வந்தது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நேற்றுக் காலை எங்கள் தெருவுக்கு மட்டும் வெயில் அடித்தது, வீட்டிலிருக்கும் படுக்கை விரிப்பையெல்லாம் துவைத்துக் காயப்போட்டுவிட்டோம் என்று எழுதியிருந்தாள். குமாரவேலு படத்தை வாங்கிப் பார்த்து, "நல்லா காஞ்சிருக்குது" என்று திருப்பிக் கொடுத்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ரூத் வந்து சேர்ந்தாள். சங்கரி அவளைத் தறிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கீர்த்தியை ஆங்கிலத்தில் பேசச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னாள்: நீங்கள் நெய்ததை அன்றைக்கே பிரித்துவிட்டேன், எல்லாருடையதையும் பிரித்துவிடுவேன், நூலும் அதில் பெய்யும் மழையும் உங்களுடையவை, நெசவு என்னுடையது. ரூத் தறியைப் பார்த்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. பிறகு சொன்னாள்: பிள்ளைகள் விலாசத்தைக் கோணல்மாணலாக எழுதிப் பெட்டியில் போடுவார்கள், நான் அதைத் திருத்தி எழுதித்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பேன், எழுதியவர்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கூடவே, என்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தால் பிரிப்பதற்காவது கூட உட்கார்ந்திருப்பேனே என்றாள். சங்கரிக்கு அது சுருக்கென்று தைத்தது. இத்தனை வருடமாக யாரிடமும் அப்படிக் கேட்கத் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

முகூர்த்தம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை தாலி கட்டும்போது இரண்டு முறை தும்மினான், நார்வேப் பகுதி அவன் பக்கம் இருந்ததால். மண்டபமே விசிறிக்கொண்டிருக்க, கீர்த்தியின் நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தாலி ஏறிய பிறகு ரூத் மேடைக்கு வந்து முந்தானையை விரலால் தடவிக்கொண்டே போனாள். நெருக்கமான இடத்தில் விரல் நின்றது. அவள் சிரித்தாள். மறுகணம் ஈரமான விரலைப் பார்த்து நிமிர்ந்து, பையில் துழாவிச் செல்போனை எடுத்து, மேளச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினாள். அவள் ஊரில் அப்போது விடிந்திருக்கவில்லை. ஆசீர்வாதம் செய்கிறாள் போலிருக்கிறது என்று முன்வரிசையில் இருந்தவர்கள் அட்சதை போட்டார்கள்.

"இன்னாவாம்மா?" என்று மகளைக் கேட்டாள் சங்கரி.

"தங்கச்சிய எழுப்பறாங்கம்மா. நேத்து காயப்போட்ட துணி வெளியவே இருக்குதாம். மழை வந்துட்டுதாம்."

"எடுத்துட்டாங்களாமா?"

கீர்த்தி கேட்டுச் சொன்னாள். "எடுத்துட்டாங்களாம்."

சங்கரி முந்தானையின் அந்த இடத்தைக் கையில் பிடித்து, மெதுவாகப் பிழிந்து உதறி, மகளின் தோளில் சரிசெய்துவிட்டாள்.