கனம் பார்க்கிறவர்

சனிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு முடிந்தது. அதுவரை முனிரத்தினம் மகளைக் கடைக்குள் விடவில்லை. மூங்கில் மண்டபத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு இருவரும் கரும்புச் சாறு குடித்தார்கள். லேப்டாப் கடை வசந்த் உள்ளேயிருந்து அவர்களைப் பார்த்துச் சிரித்தான். சனிக்கிழமைகளில் பத்தரைக்கு மேல்தான் அவனுக்கு வியாபாரம்.

சுகாசினிக்கு வேலை கிடைத்திருந்தது. மருந்துக் கம்பெனிகளின் விற்பனை விவரங்களை அலசி, எந்த ஊரில் எது ஏன் விற்கிறது என்று சொல்லும் வேலை. லேப்டாப்பை அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்தும் செய்யலாம், பெங்களூருக்கு வந்தும் செய்யலாம், திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றிருந்தார்கள். இதைத் தகவல் வந்த அன்றைக்கே அவள் அப்பாவிடம் சொன்னாள். அவர் "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குத் தாளித்தார். அம்மா போன பிறகு சமையல் அவருடையது. அதற்கப்புறம் அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. பெங்களூர் என்று அவள் முடிவு செய்திருந்தாள். சொல்லத்தான் வாய் வரவில்லை.

வசந்த் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தான். ஒன்று பெரிய திரை, தடித்த உடம்பு. இன்னொன்று மெலிசு.

"எங்க வச்சிமா வேலை செய்யப் போற? அதச் சொன்னாத்தான் எதுன்னு சொல்ல முடியும்."

"வீட்லதான்," என்றார் முனிரத்தினம்.

சுகாசினி பெரியதன் விவரங்களைப் படித்தாள். மெமரி அதிகம். பின்னால் இன்னும் கூட்டிக்கொள்ளலாம். மெலிசானதில் அது முடியாது, வந்தது வந்ததுதான். அவளுக்கும் பெரியதன்மேல் ஆசை இல்லாமல் இல்லை.

முனிரத்தினம் அதை உள்ளங்கையில் ஏந்தினார். காந்தி ரோட்டுப் பட்டுக் கடையில் புடவை காட்டியே தலை நரைத்தவர். எந்தப் புடவையையும் முதலில் உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்ப்பார். இப்போதும் அப்படியே செய்தார்.

"கனம் நல்லா இருக்குது. உழைக்கும்."

"லேப்டாப்புக்குக் கனம் பாக்கக் கூடாதுண்ணா. எல்லாரும் வெயிட் கம்மியாத்தான் கேக்குறாங்க."

"கேப்பாங்க. தூக்கிக்கினு சுத்துறவங்க."

மெலிசானதையும் ஏந்திப் பார்த்தார். "சத்தே இல்லியேப்பா. ஃபேன் போட்டா பறந்துடும்."

சுகாசினிக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றது. பேருந்தில் போய்வரும் டீச்சர்களுக்கு அப்பா மெலிசான புடவையைத்தான் எடுத்துப் போடுவார். நாள் பூரா கட்டிக்கினு நிக்கறீங்க, உங்களுக்கு எதுக்குமா கனம் என்பார். யாருக்கு எது என்று தெரியாதவர் இல்லை.

"விண்டோஸ் வேணாம்ணா," என்றாள் வசந்திடம். "உபுண்டு போட்டுக் குடுங்க."

"அப்ப ஓஎஸ் இல்லாத பீஸாவே தரேன். ரெண்டு மாடல்லயும் இருக்குது."

"உள்ள ஒண்ணும் இல்லாமலா?" என்றார் முனிரத்தினம். "ப்ளவுஸ் பிட்டு இல்லாம பொடவ விக்கிறியாப்பா?"

"பிட்டு நான் தனியாப் போட்டுத் தரேண்ணா. உபுண்டு ஃப்ரீ."

"ஃப்ரீன்னா சாயம் போவும்."

"போவாதுப்பா," என்றாள் சுகாசினி. "நான் எழுதுற ப்ரோக்ராம்லாம் கடைசீல கம்பெனி சர்வர்ல போயிதான் ஓடும். அதுவும் உபுண்டுதான். இங்க ஓடிச்சின்னா அங்கயும் தகராறு இல்லாம ஓடும்."

"பெரிய கணக்கெல்லாம் அங்கதான் ஓடுமா?"

"ஆமாப்பா."

"அப்ப இதுக்கு எதுக்கு இவ்ளோ ஒடம்பு?"

கேட்டுவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். பெரியது இன்னும் அவர் கையில் இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தார். மெலிசானதை எடுத்து மகளின் கையில் கொடுத்தார்.

கடையில் புடவையைத் தோளில் போட்டுவிட்ட பிறகு அவர் புடவையைப் பார்க்க மாட்டார். கண்ணாடியில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பார். இப்போது மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள். குனிந்தாலும் அவருக்குப் போதும்.

"இதையே போடுப்பா வசந்த். பையும் நல்லதாக் குடு. ஜிப்பு போவக் கூடாது."

வசந்த் பென் டிரைவைச் செருகி லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். திரையில் ஒவ்வொரு கேள்வியாக வந்தது. எந்த மொழி, எந்த விசைப்பலகை. அவள் தட்டிக்கொண்டே போனாள். பிறகு ஓர் உலகப் படம் வந்தது. முனிரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசைமேல் சாய்ந்து எழுத்துக் கூட்டினார்.

"கொல்கத்தான்னு போட்டிருக்குதே. கொல்கத்தாவாமா?"

குரல் மாறியிருந்தது.

"இல்லப்பா. மணி வைக்கிறதுக்கு. இந்தியா முழுக்க அந்த ஊர் பேர்தான் வரும். எங்க இருந்தாலும் மணி ஒண்ணுதான்."

அவர் தலையாட்டினார். திரையில் ஒரு பட்டை இடமிருந்து வலமாக நிரம்பத் தொடங்கியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப பெங்களூர்ல நீ சாப்பிட ஒக்கார்ற நேரமும், இங்க நான் ஒக்கார்ற நேரமும் ஒண்ணுதானாமா?"