நாலு பாலம்

அந்தப் புரதத்துக்கு நான் வைத்த பெயர் அடம். எட்டு மாதமாக நான் தலைகீழாக நின்று பார்த்தும் அது மடங்க மறுத்தது. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் மடங்காவிட்டால் இந்த ஆராய்ச்சியையே மூடிவிடுவதாகப் பேராசிரியர் சொல்லிவிட்டார். மூடினால் நான் பழையபடி ஊரார் ஆராய்ச்சிக்கெல்லாம் கரைசல் கலக்கிக் கொடுக்கப் போக வேண்டும். பதினோரு வருடம் அதைத்தான் செய்தேன். என் சொந்த யோசனையில் தொடங்கிய வேலை இது ஒன்றுதான். முனைவர் பட்டம் இல்லாதவளுக்கு அதுவும் போனால் போகிறதென்று கொடுத்தது.

புரதம் என்பது ஒரு சங்கிலி. அடத்தில் நூற்று முப்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. நீளமாக நீட்டிக்கொண்டு கிடக்கும்வரை அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சில இடத்தில் சுருண்டு, சில இடத்தில் தட்டையாக மடிந்து, தண்ணீர் பிடிக்காத பகுதிகளை உள்ளே ஒளித்துக்கொண்டு தனக்கான உருவத்துக்கு வந்தால்தான் வேலை செய்யும். எப்படி மடங்க வேண்டும் என்பது அந்த வரிசையிலேயே இருக்கிறது, யாரும் கூட நின்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒழுங்காக மடங்கினால் அடம் கிருமியின் சுவரையே வெட்டிப்போடும். கண்ணில் புண் வந்தவர்களுக்குச் சொட்டு மருந்தாக்கலாம் என்பது என் ஆசை.

அதை பாக்டீரியாவுக்குள் தயாரித்தோம். அங்கே கட்டிகட்டியாகத் திரண்டு கிடந்தது. யூரியாவில் கரைத்தால் சங்கிலி நீளும். பிறகு யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கினால் தானாக மடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குழாயின் அடியில் திரிந்த பால் மாதிரி வெள்ளையாகப் படிந்ததுதான் மிச்சம்.

புதன்கிழமை மதியம் நாத்தனார் போன் செய்தாள். என் கணவரின் அக்கா. ஆய்வகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி பார்லர் வைத்திருக்கிறாள்.

"வெள்ளிக்கிழமை உன்னைத் தள்ளறதா இருந்தா நல்ல தலையோடவாவது தள்ளட்டும். வா, சுருள் வெச்சு விடறேன்."

அந்தக் குழாய்களைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை, பார்லருக்குப் போனேன். முடியைப் பிரித்து ரோலரில் சுற்றி முதல் லோஷனைப் பூசினாள். மூக்கைத் துளைத்தது ஒரு நாற்றம். அழுகிய முட்டை.

"அண்ணி, என்ன இந்த நாத்தம்?"

"என் பொழைப்பையே நாத்தம்ங்கறியா?"

"இல்ல, எங்க லேப்லயும் இதே நாத்தம்தான் வரும்."

"முடிக்குள்ள ஒரு பிடிப்பு இருக்கும்மா. இது அதை அறுத்து விடும். அப்பதான் முடி நான் சொன்னபடி வளையும். ரெண்டாவது லோஷன் அந்தப் பிடிப்பைத் திரும்பப் போடும்."

ரோலரோடு என் தலையைத் தொட்டியில் சாய்த்து அலச ஆரம்பித்தாள். அலசினாள், அலசிக்கொண்டே இருந்தாள்.

"போதும் அண்ணி, கழுத்து போச்சு."

"பேசாம இரு. முதல் லோஷன் கொஞ்சம் தங்கினாலும் பிடிப்பு விழாது. போன மாசம் புதுசா சேர்ந்தவ சரியா அலசாம விட்டுட்டா. கல்யாணப் பொண்ணு தலை, மண்டபத்துக்குப் போறதுக்குள்ள தொடப்பம் ஆயிடுச்சு. பொண்ணோட அம்மாகிட்ட நான் வாங்கின பேச்சு இருக்கே!"

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. முடியும் புரதம்தான். அவள் சொல்லும் பிடிப்பு இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்துக்கொள்ளும் பாலம். அடத்திலும் அப்படி நாலு பாலம் உண்டு. மடங்கிய உருவம் குலையாமல் இழுத்துப் பிடிப்பவை அவைதான்.

எங்கள் ஆய்வகக் குளிர்பெட்டியின் கதவில் மஞ்சளேறிய தாள் ஒன்று ஒட்டியிருக்கும். எந்தக் கரைசல் கலக்கினாலும் அந்த நாற்றத் திரவத்தில் கொஞ்சம் சேர்க்க வேண்டும் என்று பேராசிரியர் கைப்பட எழுதியது. பாலமே இல்லாத வேறொரு புரதத்துக்காக என்றோ எழுதினார். எங்களுக்கு அது வேதவாக்கு. எட்டு மாதமாகப் பாலத்தை அறுக்கிற திரவத்தை என் கையாலேயே ஊற்றிவிட்டு, ஏன் மடங்க மாட்டேன் என்கிறாய் என்று அடத்தைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். என்மேல் எனக்கே வந்த கோபத்தில் கண் கலங்கியது.

எழுந்துவிட்டேன்.

"எங்கம்மா போறே? ரெண்டாவது லோஷன் இன்னும் போடல!"

தோளில் துண்டு, தலை நிறைய ரோலர். தெருவே வேடிக்கை பார்க்க ஆய்வகத்துக்கு ஓடினேன்.

மிச்சமிருந்த கட்டிகளை யூரியாவில் கரைத்தேன். பாலங்கள் அவசரத்தில் தப்பான ஜோடியோடு சேர்ந்துவிடாதபடி கொஞ்சம் அமிலம் விட்டு, நாற்றத் திரவத்தை மூன்று முறை அலசி நீக்கினேன். மூக்கை வைத்துப் பார்த்தேன், நாற்றமே இல்லை. பிறகு அமிலத்தைக் குறைத்து, யூரியாவைப் படிப்படியாக நீக்கும்படி பெரிய பாத்திரத்தில் வைத்து, மூடியைத் திறந்துவிட்டு மெல்லச் சுழல விட்டேன். பாலம் போடுவதைக் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் பார்த்துக்கொள்ளும்.

பேராசிரியர் உள்ளே வந்தார்.

"என்னம்மா இது கோலம்?"

"சார், அந்த நாத்தத் திரவத்தை எடுத்துட்டேன்."

"எல்லாத்துலயும் போடறதுதானே? இருபது வருஷமா போடறோம்."

"இதுல நாலு பாலம் இருக்கு சார். நாம போடப் போட அது அறுந்துகிட்டே இருந்திருக்கு."

தாளையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். "கெடு வெள்ளிக்கிழமை பன்னிரண்டுதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை முழுக்க ஒரு வாய் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை போய்ப் பார்த்தால் கரைசல் கண்ணாடி மாதிரி இருந்தது, அடியில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. ஆனால் தெளிவாக இருந்தால் மட்டும் போதாது, வெட்ட வேண்டுமே.

பதினொன்றரை மணி. கிருமிகள் கலந்து பால் போலக் கலங்கிய நீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்தேன். அடம் வேலை செய்தால் கிருமிகள் உடைந்து நீர் தெளியும். பேராசிரியர் என்ன நினைத்தாரோ, குளிர்பெட்டிக் கதவிலிருந்த தாளைப் பிய்த்துவந்து குழாய்க்குப் பின்னால் பிடித்தார். ஓர் எழுத்தும் தெரியவில்லை.

அடத்தை விட்டேன்.

ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது நிமிடத்தில் வெள்ளைக்குள் ஏதோ நிழலாடியது. பிறகு கோடுகள், பிறகு எழுத்துகள். பேராசிரியர் குனிந்து, தன் கையெழுத்தைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தார்: "எல்லாக் கரைசலிலும் சேர்க்கவும்."

நான் போட்ட கூச்சலில் அடுத்த அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நான் எழுதினதை அடிச்சிடும்மா. புதுசா நீ எழுதி, உன் கையெழுத்தைப் போட்டு ஒட்டு. இது உன் ஆராய்ச்சி."

அடித்தேன். இரண்டு கோடாகவே அடித்தேன்.

சாயங்காலம் பார்லருக்குப் போனேன். இரண்டு நாளாகக் கோபத்தில் இருந்த நாத்தனார் என் தலையை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு சுருள்கூட இல்லை, முடி வைக்கோலாகத் தொங்கியது.

"நான்தான் சொன்னேனே, ரெண்டாவது லோஷன் போடாம நிக்காதுன்னு."

"இது நிக்கல அண்ணி," என்றேன். "அது நின்னுடுச்சு."

கையிலிருந்த சீப்பைக் கீழே போட்டுவிட்டு, வாடிக்கையாளர் அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் கைகளில் அந்த அழுகிய முட்டை நாற்றம். அன்றைக்கு அதை நான் ஆசையாக மோந்தேன்.