குறுக்காகப் போட்ட பெல்ட்

பூரணத்தாயின் வீட்டுத் தொட்டிலை ஆறு ஆட்டியது. அதில் விசேஷம் ஒன்றுமில்லை. மில் குடியிருப்பில் எல்லாத் தொட்டில்களையும் ஆறுதான் ஆட்டியது.

அது எப்படியென்றால், அருவித் தண்ணீர் மில்லின் பெரிய சக்கரத்தைத் தள்ளும். சக்கரம் ஒரு நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றும். அதை ஷாப்ட் என்பார்கள். மற்ற மில்களில் ஷாப்ட் சுவரோடு நின்றுவிடும். இங்கே மில் முதலாளி துரை நல்லவர். தொழிலாளிகளுக்கு ஜன்னல் வைத்த வீடும் பள்ளிக்கூடமும் குளியலறையும் கட்டிக் கொடுத்தவர், சுவரில் துளை போட்டு ஷாப்டையும் வெளியே நீட்டிவிட்டார். அது ஒவ்வொரு வீட்டிலும் கூரைக்கடியில் ஓடியது. அதிலிருந்து ஒரு தோல் பெல்ட் இறங்கி ஆட்டுக்கல்லைச் சுழற்றும், தொட்டிலை ஆட்டும். பெண்களின் கை ஓய வேண்டும் என்பது துரையின் ஆசை. ஓய்ந்த கைகள் மில்லில் அறுந்த நூலை முடிந்தன.

பக்கத்து வீட்டுச் சிவகாமி தன் வீட்டுத் தொட்டிலோடு சேர்ந்து அசையத் தொடங்கிச் சில காலமாகிவிட்டது. இந்தப் பக்கம் வரும்போது மட்டும் அவள் பேச்சு கேட்கும்.

"ஒம் மவ இன்னும்," என்றாள். அந்தப் பக்கம் போனாள். திரும்பி வந்தாள். "ஒறங்கலையாமே."

"யாரு சொன்னா, அக்கா?"

"தானியேல் ஐயா," என்றாள். போனாள். வந்தாள். "ஒன் வாசல்லதான் நிக்காவ."

தானியேல் குடியிருப்பின் நலம் பார்க்கும் அதிகாரி. உள்ளே வந்து தொட்டிலைக் குனிந்து பார்த்தார். குழந்தை பொன்னு கண் கொட்டாமல் அவரைப் பார்த்தாள்.

"உறக்கச் சங்கு ஊதினா எல்லாப் பிள்ளையும் ஒறங்கணும், பூரணம். ஒரு பிள்ளை அழுதா பக்கத்து வீட்டுல ஒறக்கம் கெடும். ஒறக்கம் கெட்டா காலையில நூலு அறும். துரை எல்லாம் கணக்குப் பாத்துத்தான் செஞ்சிருக்காரு."

"இந்த ஆட்டம் இவளுக்கு ஒத்துக்கிடல ஐயா. நான் கையால ஆட்டினா ஒறங்கிருவா."

"கையால ஆட்டுனதெல்லாம் அந்தக் காலம்." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நாளைக்குச் சங்கு ஊதினதும் வருவேன். முழிச்சிருந்தா அக்கரைக்குத்தான் அனுப்பணும். திருந்தாதவங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க. நல்லா இருக்காங்கன்னுதான் நினைக்கேன்."

அக்கரைக்குப் போனவர்கள் திரும்பியதில்லை. பலகைப் பாலம் போகிறவர்களுக்கு மட்டும் இருந்தது.

பூரணத்தாயின் கணவன் இசக்கிராசு மில்லில் பெல்ட் மாட்டுகிறவன். மறுநாள் மாலை ஏணியைச் சாய்த்து மேலே ஏறினான்.

"பெல்ட்ட குறுக்கப் போடுதேன்," என்றான்.

பெல்ட்டை நேராக மாட்டினால் ஷாப்டில் இருக்கும் மேல் சக்கரமும் தொட்டிலை ஆட்டும் கீழ்ச் சக்கரமும் ஒரே பக்கம் சுற்றும். நடுவில் ஒரு முறுக்கு கொடுத்து மாட்டினால் கீழ்ச் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். பற்சக்கரம் வேண்டாம், புது இயந்திரம் வேண்டாம், ஒரு முறுக்கு போதும். இதை நினைக்கும்போதெல்லாம் இசக்கிராசுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

"தொட்டில் அங்கிட்டும் இங்கிட்டும்தான ஆடுது," என்றாள் பூரணத்தாய். "எதிர்ப்பக்கம் சுத்துனா என்னத்த மாறப்போவுது?"

"ஒண்ணும் மாறாதுன்னுதான் நானும் நினைக்கேன். போட்டுத்தான் பாப்பமே."

போட்டான். பொன்னு உடனே உறங்கிவிட்டாள். ஆட்டுக்கல்லில் இருந்த மாவு அரிசியாகவும் உளுந்தாகவும் பிரிந்தது. விளக்கில் எண்ணெய் ஏறியது.

சங்கு ஊதியது. தானியேல் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப நான் வாறேன்," என்றார். பிறகு, "ரொம்ப சந்தோஷம்," என்றார். பிறகு, "பிள்ளை ஒறங்குதா?" என்று கேட்டார். அப்படியே பின்னுக்கு நடந்து வாசலைத் தாண்டினார். வெளியிலிருந்து கதவைத் தட்டினார். வந்த வழியே முதுகு காட்டாமல் போய்விட்டார். ஆக, அவர் வந்து பார்த்துமாயிற்று, வராமலும் இருந்தாயிற்று.

காலையில் பொன்னுவின் வாயில் பல்லைக் காணோம். முந்தின நாள்தான் முளைத்த பல். பூரணத்தாய் கத்தவில்லை. பெல்ட்டை நேராக்கச் சொன்னாள். மதியம் பல் வந்துவிட்டது.

பிறகு அதுவே வழக்கமாயிற்று. காலையில் நேர், மாலையில் குறுக்கு. பகலில் வளர்ந்ததை இரவு எடுத்துக்கொண்டது. மில்லில் கழிந்த நேரத்துக்கு மட்டும் பூரணத்தாய்க்கும் இசக்கிராசுக்கும் வயதானது. அதுவே நிறைய இருந்தது. சிவகாமியின் மகன் பள்ளிக்கூடம் போனான், மீசை வைத்தான், மில்லுக்குப் போனான். தானியேலின் தலை வெளுத்தது. பொன்னுவுக்கு அதே ஒற்றைப் பல்.

ஒவ்வொரு நாளும் மாலையில், சங்குக்குச் சற்று முன், அவள் உதட்டைச் சேர்த்து, "அம்" என்பாள். இசக்கிராசு பெல்ட்டைக் குறுக்காகப் போடுவான். சொன்ன எழுத்து வாய்க்குள் திரும்பிப் போகும். பூரணத்தாய் அதைத் தினமும் பார்த்தாள்.

ஒரு நாள் இசக்கிராசு ஏணியில் நின்றான். மூச்சு வாங்கியது. அவனுக்கு முழங்கால் வலி வந்திருந்தது.

"அம்," என்றாள் பொன்னு.

"எறங்குங்க," என்றாள் பூரணத்தாய்.

"சங்கு ஊதப் போவுது புள்ள."

"ஊதட்டும். மிச்சத்தையும் சொல்லட்டும். கேக்கணும் எனக்கு."

"கேட்டா வீடு போயிருமே. ஜன்னல் வச்ச வீடு."

"ஏணிய எடுத்துருவேன். நீங்க மேலேயே இருந்துக்கிடுங்க."

அவன் இறங்கினான். சங்கு ஊதியது. குடியிருப்பு முழுவதும் உறங்கியது. பொன்னு தொட்டிலின் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்று, "மா," என்றாள்.

கதவு தட்டப்பட்டது. தட்டிய பிறகு தானியேல் உள்ளே வந்தார். இத்தனை வருடத்தில் அவர் இந்த வரிசையில் வந்தது அன்றைக்குத்தான். அவருக்கே அது புதிதாக இருந்தது.

"பிள்ளை ஒறங்குதா?"

"இல்ல ஐயா. பேசிக்கிட்டிருக்கா."

தானியேல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "பிள்ளைய மட்டும் அனுப்பினா போதும்," என்றார் மெதுவாக.

"நாங்களும் போறோம்."

"அங்க ஷாப்ட் கெடையாது, பூரணம். எல்லாம் கையாலதான் செய்யணும்."

"செஞ்சுக்கிடுதோம்."

பாலம் இருந்தது. பூரணத்தாய் பொன்னுவை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். இசக்கிராசு முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். நடக்க நடக்கப் பாலம் நீண்டது. சேர்ந்து கிடந்த சொற்கள் எல்லாம் பொன்னுவிடமிருந்து வரத் தொடங்கின. தண்ணீர் என்றாள். பசிக்குது என்றாள். கொஞ்ச தூரத்தில் இடுப்பு தாங்கவில்லை. பூரணத்தாய் அவளை இறக்கிவிட்டாள். பொன்னு கையைப் பிடித்து நடந்தாள். ஆறு எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று கேட்டாள். இசக்கிராசு சக்கரத்திலிருந்து தொடங்கி விளக்கினான். பாதியில், எனக்குத் தெரியும் அப்பா என்றாள். பிறகு கையை விட்டுவிட்டாள்.

நடுப்பாலம் தாண்டும்போது அவள் பூரணத்தாயைவிட உயரமாக இருந்தாள். முன்னால் போய், ஒரு பலகையைக் காலால் அழுத்திப் பார்த்து, திரும்பிக் கையை நீட்டினாள்.

"பாத்து வாங்கம்மா," என்றாள். "இந்தப் பலகை ஆடுது."